யந்திரம் பாட்டைப் பின்தொடரட்டும்

(கோவளத்தில் கலைக்குழுத் தோழர்களும் மெல்லிசைக் கலைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று மாலை நான் பேச வந்திருப்பது ஒரு வாத்தியப் பெட்டியைப் பற்றி. கூட்டம் என்றதும் வேறு எதையோ எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கலைக்குழு பணம் சேர்த்து வைத்திருக்கிறது. மீன் ஏலக் களத்திலும் உப்பளத்திலும் நடவு வயலிலும் ஆலை ஷிப்டிலும் உழைத்த கூலியிலிருந்து பத்தும் இருபதுமாகச் சேர்ந்த பணம் அது. அந்தப் பணத்தில் என்ன வாங்குவது என்பதில் குழுவுக்குள் இரண்டு கட்சி கிளம்பியிருக்கிறது.

இளைஞர்கள் என்ன சொல்கிறார்கள்? "லாப்டாப் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதில் ஒரு பக்கவாத்திய சாப்ட்வேரைப் போட்டுவிட்டால் டிரம்ஸ், பேஸ் கிடார், வயலின் எல்லாம் தானாக வந்துவிடும். கீபோர்டுக்குப் பணத்தைக் கொட்டுவானேன்?" என்கிறார்கள். பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? "மேடையில் கம்ப்யூட்டரை நம்ப முடியாது. தாளத்தோடு சேர்ந்து வரும் கீபோர்டு ஒன்றை வாங்கிவிடுவோம்" என்கிறார்கள். இந்த இரண்டு கட்சியிலும் சேராமல் ஒருவர் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பெட்டி வந்தாலும் அதற்குள்ளே ஒரு டோலக் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் வாய் திறந்து கேட்காத கேள்வியையும் சேர்த்துத்தான் நாம் பேச வேண்டும்.

ஆர்மோனியமும் யந்திரம்தான்

யந்திரம் வந்தால் கலை செத்துப் போகும் என்று சொல்பவர்கள் எப்போதும் உண்டு. அவர்களிடம் ஆர்மோனியத்தைக் காட்டுங்கள். அந்தப் பெட்டி நம் ஊரில் பிறந்ததா? 1842-ல் பாரிஸ் நகரத்தில் அலெக்ஸாண்டர் டெபேன் என்பவர் அதற்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். அது காலால் மிதித்து வாசிக்கும் பெரிய பெட்டி. தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் துருத்தியை அசைத்து, மறு கையால் வாசிக்கும் சிறு பெட்டியாக அதை மாற்றிக் கொடுத்தவர் கல்கத்தாவில் வாத்தியக் கடை நடத்திய துவாரகாநாத் கோஷ். அப்புறம் அது நாடகக் கொட்டகைக்கு வந்தது, பஜனை மடத்துக்கு வந்தது, தெருவுக்கு வந்தது.

பெரிய சங்கீதக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. கமகம் பேசாத பெட்டி என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் சுரம் அந்தப் பெட்டியில் கிடையாது. 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது. 1971 வரையில் அந்தத் தடை நீடித்தது. ஆனால், ரேடியோ நிலையத்துக்குள் நுழைய முடியாத அந்தப் பெட்டி, உழைக்கும் ஜனங்களின் மேடையில் ராஜாங்கம் நடத்தியது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜனை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் மத்தியில் அவர் பாடிய பாட்டுகளைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். பின்னாளில் அவரோடு ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்துக் கைப்பழக்கம் பெற்ற தம்பி ராசையாதான் இளையராஜா.

ஆகவே, யந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று விவாதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எந்த யந்திரம், எந்த மேடைக்கு, யார் கையில் என்பதைப் பார்ப்போம்.

இரண்டு பெட்டிகள்

வாத்தியம் வாசிக்காத தோழர்களுக்காக, இந்த இரண்டும் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரேஞ்சர் கீபோர்டு என்றால், பக்கவாத்தியங்களைத் தனக்குள்ளேயே அடக்கி வைத்திருக்கும் கீபோர்டு. யமஹா, கேஸியோ, ரோலண்ட், கோர்க் முதலிய ஜப்பானியக் கம்பெனிகள் இதில் முன்னணியில் இருக்கின்றன. இடது கையில் ஸ, க, ப என்று மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால், அது என்ன கார்டு என்று பெட்டி புரிந்துகொள்கிறது. உடனே அதற்குப் பொருத்தமான பேஸ், கிடார், டிரம்ஸ் எல்லாம் ஓட ஆரம்பிக்கின்றன. கையை ம, த, ஸ என்று மாற்றினால் எல்லா வாத்தியங்களும் அந்த இடத்துக்கு மாறுகின்றன. வலது கை மெட்டை வாசிக்கிறது. பாட்டு தொடங்க ஒரு பொத்தான், சரணத்துக்குப் போகும்போது ஓர் உருட்டு உருட்ட ஒரு பொத்தான், முடிக்க ஒரு பொத்தான். எட்டு அடித் தாளம், வால்ட்ஸ், டிஸ்கோ என்று நூற்றுக்கணக்கான தாளக்கட்டுகள் உள்ளேயே இருக்கும். இவற்றை ஸ்டைல் என்பார்கள்.

நடவு வயலை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் முதலில் பாட்டை எடுக்கிறாள். மற்றவர்கள் அவள் பின்னால் வாங்கிப் பாடுகிறார்கள். அவள் ஓர் அடியை இரண்டு தடவை பாடினால், வரிசையும் இரண்டு தடவை பாடுகிறது. அரேஞ்சர் கீபோர்டில் இடது கைதான் பாட்டை எடுக்கும் பெண். பெட்டிக்குள் இருக்கும் வாத்தியங்கள் பின்னால் வாங்கிப் பாடும் வரிசை.

சாப்ட்வேர் விஷயம் வேறு. அதில் இரண்டு ஜாதி இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குழுவுக்குள் நடக்கும் சண்டையில் பாதி இதனால்தான் வருகிறது.

முதல் ஜாதிக்குப் பிரசித்தமான உதாரணம் 'பேண்ட் இன் எ பாக்ஸ்'. கனடா நாட்டில் பீட்டர் கேனன் என்பவரின் பி.ஜி. மியூசிக் கம்பெனி 1990-ல் வெளியிட்டது. பாட்டின் கார்டுகளை வரிசையாகக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்து, ஒரு தாளக்கட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். முழுப் பாட்டுக்கும் பக்கவாத்தியத்தை அதுவே அமைத்துக் கொடுத்துவிடும். இதே மாதிரி வேலையைக் காசில்லாமல் செய்துகொடுக்கும் 'ஜேஜாஸ்லேப்' போன்ற சாப்ட்வேர்களும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்து உபயோகிக்கலாம் என்று பொதுவில் விட்டிருக்கிறார்கள். பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் தோழர்கள் விசாரித்துப் பாருங்கள்.

வீட்டில் பழகுவதற்கு இதைவிட நல்ல துணை கிடையாது என்று தைரியமாகச் சொல்வேன். ஷிப்ட் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வரும் தோழருக்காக டோலக்காரரையும் கிடார்காரரையும் எழுப்ப முடியுமா? கம்ப்யூட்டர் சலிக்காமல் நூறு தடவை வாசிக்கும். ஆண் குரலுக்கு அமைத்த பாட்டைப் பெண் குரலுக்கு ஏற்ற சுருதிக்கு ஒரு நொடியில் மாற்றிக் கொடுக்கும். வேகத்தைக் குறைத்து, கஷ்டமான இடத்தைப் பழகலாம்.

ஆனால் மேடையில்? கம்ப்யூட்டரில் அமைத்துவைத்த பாட்டு, ஆரம்பித்த இடத்திலிருந்து முடியும் இடம் வரை தன் போக்கில் ஓடும். நம் மேடைப் பாட்டு அப்படியா ஓடுகிறது? சரணத்தின் நடுவே ஒருவர் மாலையோடு மேடை ஏறுகிறார். ஓர் அடி ஜனங்களுக்குப் பிடித்துப் போய் விசில் பறக்கிறது, பாடகர் அதே அடியைத் திரும்ப எடுக்கிறார். பாட்டுக்கு நடுவில் நாலு வார்த்தை பேசிவிட்டு, தாளமில்லாமல் விருத்தமாக இரண்டு அடி இழுத்துவிட்டு, மறுபடி பல்லவிக்கு வருகிறார். கம்ப்யூட்டர் இதற்கெல்லாம் காத்திருக்காது. அது இரண்டாவது சரணத்துக்குப் போயிருக்கும். மேடையில் நிற்பவர் அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். 'மைனஸ் ஒன்' என்று பென் டிரைவில் போட்டுக்கொண்டு வருகிறார்களே, பாடகர் குரல் மட்டும் இல்லாத பாட்டு, அதன் கதையும் இதுதான்.

ஆலையில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஆள் யந்திரத்தை ஓட்டுவது ஒன்று. யந்திரத்தின் வேகத்துக்கு ஆள் ஓடுவது இன்னொன்று. ரிங் ஃபிரேமில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே எட்டு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறவர், மாலையில் பாடும்போதும் அப்படி ஓட வேண்டுமா?

சாப்ட்வேரில் இரண்டாவது ஜாதி இருக்கிறது என்றேன். 'விஅரேஞ்சர்' போன்றவை அந்த ரகம். இவை கம்ப்யூட்டருக்குள் ஓர் அரேஞ்சர் கீபோர்டையே உருவாக்கிவிடுகின்றன. கட்டைகள் மட்டும் உள்ள ஒரு மிடி கீபோர்டைக் கம்பியால் இணைத்து வாசித்தால், இடது கையின் கார்டைப் பின்தொடர்கின்றன. மிடி என்பது வெவ்வேறு கம்பெனிகளின் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1983-ல் ஏற்பட்ட பொது ஏற்பாடு. எல்லாப் போல்ட்டுக்கும் ஒரே மரை என்று வைத்தால் எந்த நட்டும் பொருந்துமல்லவா, அதுபோல. இதில் ஒலியின் தரம் சில சமயம் நடுத்தரக் கீபோர்டைவிட நன்றாகவே இருக்கும். கம்ப்யூட்டர் என்றாலே பின்தொடராது என்று பெரியவர்கள் ஒரே போடாகப் போடுவது இந்த விஷயத்தில் சரியல்ல.

உப்புக் காற்றும் கரண்டும்

அப்படியானால் இந்த இரண்டாவது ஜாதி சாப்ட்வேரையே மேடைக்குக் கொண்டு போகலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கட்டையை அமுக்கியதும் ஒலி வருவதற்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தாமதம் செய்யும். ஒலியைச் சிறு சிறு மூட்டையாகக் கட்டி அனுப்புவது அதன் வழக்கம். விநாடிக்கு 44,100 துகள்கள் என்று வைத்துக்கொண்டு, மூட்டைக்கு 1,024 துகள்கள் வீதம் கட்டினால் ஏறக்குறைய 23 மில்லி விநாடி தாமதம். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஆகவே இந்தத் தாமதம், பக்கத்தில் உட்கார வேண்டிய டோலக்காரர் எட்டு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். மூட்டையை 256 துகளாகக் குறைத்தால் தாமதம் 6 மில்லி விநாடிக்குக் கீழே வந்துவிடும், காதுக்குத் தெரியாது. ஆனால் பழைய லாப்டாப் அந்த வேகத்துக்கு மூட்டை கட்டிக் கொடுக்கத் திணறும். ஒலி கரகரவென்று உடையும். அதற்காக ஆடியோ இன்டர்பேஸ் என்று தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். சாப்ட்வேருக்கு ஒரு விலை, மிடி கீபோர்டுக்கு ஒரு விலை, இன்டர்பேஸுக்கு ஒரு விலை, கம்பிகளுக்கு ஒரு விலை. கூட்டிப் பார்த்தால் ஓரளவு நல்ல அரேஞ்சர் கீபோர்டின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். "லாப்டாப்தான் இருக்கிறதே" என்ற வாதத்தில் இந்தச் செலவெல்லாம் மறைந்திருக்கிறது.

அப்புறம் நம் மேடைகள் எப்படிப்பட்டவை? மாதா கோவில் திருவிழா, தர்கா கந்தூரி, அம்மன் கோவில் ஆடிக் கூழ், மே தினம், கல்யாணம், சாவு வீடு. டிராக்டர் டிரெய்லரே மேடை என்று ஆகும் நாளும் உண்டு. பெரிய விழா மேடைகளில் ஒலிக்கென்றே ஆட்கள் நிற்பார்கள். ஒரு கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் இன்னொன்று தயாராக இருக்கும். கோவளத்துக்கு 2013-லிருந்து அலைச்சறுக்கும் இசையும் சேர்ந்த விழா வந்ததே, அந்த மாதிரி மேடையில் வாசிப்பவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது. நம்மிடம் இருப்பது ஒரு பெட்டி, ஒரு ஆள்.

கரண்டு போய்விட்டது என்று வையுங்கள். இதில் லாப்டாப்புக்கு ஒரு சாதகம் உண்டு. அதற்குள் பேட்டரி இருக்கிறது. ஆனால் அதோடு சேர்ந்த ஸ்பீக்கர் அணைந்துவிடுமே, என்ன பிரயோஜனம்? டார்ச் லைட்டுக்குப் போடுவது போல ஆறு பேட்டரி போட்டு, சொந்த ஸ்பீக்கரோடு பாடும் சிறு கீபோர்டுகள் இருக்கின்றன. தெரு முனையில் ஐம்பது பேர் கேட்க அது போதும். பெரிய அரேஞ்சர் கீபோர்டுகள் பலவற்றுக்கு இந்த வசதி கிடையாது. கரண்டு திரும்பி வந்தால் கீபோர்டு சில நொடிகளில் தயாராகிவிடும். கம்ப்யூட்டரோ எழுந்து, முகம் கழுவி, சாப்ட்வேரைத் திறந்து, ஒலிகளை ஏற்றி உட்காருவதற்குள் கூட்டம் டீக்கடைக்குப் போய்விடும். புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று நடுக் கச்சேரியில் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து எழுந்த கதைகளை மெல்லிசைக் குழுக்காரர்களிடம் கேளுங்கள், நிறையச் சொல்வார்கள்.

உப்புக் காற்று மட்டும் இரண்டையும் ஒரே மாதிரிதான் தின்னும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாத்தியம் வைத்திருப்பவர்கள், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, உறை போட்டு, வீட்டில் உள்ளறையில் வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். யமஹா கம்பெனி இந்தியச் சந்தைக்கென்றே தபேலா முதலிய நம் வாத்திய ஒலிகளைச் சேர்த்து 'பி.எஸ்.ஆர். ஐ' வரிசைக் கீபோர்டுகளை விற்றது. 2019-ல் நம் திருப்போரூர் வட்டாரத்திலேயே, 'ஒன்ஹப்' தொழிற்பேட்டையில், கீபோர்டும் கிடாரும் செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கியது. கோவளத்திலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம். ஜப்பான் யந்திரம் என்று நாம் சொல்லும் பெட்டியில் ஒரு பகுதி இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்து உழைப்பில் உருவாகிறது.

கும்மி வேகம் எடுக்கும்போது

கீபோர்டுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். அதற்கும் எல்லை உண்டு; அந்த எல்லையைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரேஞ்சர் கீபோர்டு கார்டைப் பின்தொடர்கிறது. காலத்தைப் பின்தொடர்வதில்லை. நிமிஷத்துக்கு நூறு அடி என்று வைத்துவிட்டால், நீங்கள் பொத்தானைத் தொட்டு மாற்றும் வரையில் நூறுதான். நம் கும்மி அப்படிப்பட்டதா? நிதானமாக ஆரம்பிக்கிறது, வட்டம் சுற்றச் சுற்ற வேகம் ஏறுகிறது, கடைசியில் கைதட்டல் பொறி பறக்கிறது. அந்த வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? ஆடும் பெண்களின் கால். டோலக்காரர் அந்தக் காலைப் பார்த்து வாசிக்கிறார். ஆடுபவர் காலைப் பார்க்கும் கண் எந்தக் கீபோர்டுக்கும் கிடையாது. ஆகவே கும்மிக்கும் ஒயிலாட்டத்துக்கும் ஸ்டைலை அணைத்துவிடுங்கள். கீபோர்டு வெறும் சுருதியும் மெட்டுமாக வாசிக்கட்டும். டோலக்கும் பறையும் நடத்திச் செல்லட்டும். இரண்டு பெட்டிகளில் எதை வாங்கினாலும் இந்த இடத்தில் மனிதக் கை இல்லாமல் நடக்காது.

தெம்மாங்கின் நடையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மூன்றாக உருளும் நடை. பெட்டியில் அதற்குப் பக்கமாக இருக்கும் மேல்நாட்டு ஸ்டைலைப் போட்டு வாசித்தால், எண்ணிக்கை சரியாக இருக்கும்; நடை நொண்டும். பறையின் அடிகள் கணக்குக் கட்டத்துக்கு ஒரு மயிரிழை முன்னும் பின்னும் விழுகின்றன. அந்த மயிரிழையில்தான் ஆட்டம் இருக்கிறது. கம்பெனிக்காரன் ஊற்றிக் கொடுத்த தாளத்தில் அது கிடைக்காது.

இங்கேதான் இளைஞர்களின் லாப்டாப்புக்கு உண்மையான வேலை இருக்கிறது. நடுத்தர விலைக்கு மேற்பட்ட பல கீபோர்டுகளில் நாமே ஸ்டைல் உண்டாக்கிப் போட்டுக்கொள்ளலாம். கீபோர்டின் சின்னத் திரையில் அதைச் செய்வது கண் போகும் வேலை. கம்ப்யூட்டரின் பெரிய திரையில் செய்தால் சுலபம். டோலக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த அடி கொஞ்சம் பின்னால் விழட்டும்" என்று சொல்லச் சொல்ல, இளைஞர் அந்தப் புள்ளியை நகர்த்த வேண்டும். பென் டிரைவில் எடுத்துக் கீபோர்டில் ஏற்ற வேண்டும். அப்படி உருவாகும் தாளம் டோலக்காரரின் தாளம். குழுவின் பொதுச் சொத்தாக அதை எழுதி வையுங்கள். கம்ப்யூட்டர் வீட்டில் உழைக்கட்டும், கீபோர்டு மேடையில் நிற்கட்டும் என்பதே என் அபிப்பிராயம்.

நாலு பேர் எதற்கு என்று கேட்டால்

இப்போது அந்தக் கேட்கப்படாத கேள்விக்கு வருகிறேன்.

திருவிழாக் கமிட்டிக்காரர் என்ன கேட்கிறார்? "பெட்டியிலேயே எல்லாம் இருக்கிறதே, எட்டுப் பேர் எதற்கு? கீபோர்டுக்கு ஒருவர், பாட இரண்டு பேர் வந்தால் போதாதா?" என்கிறார். பணத்தையும் அதற்கேற்றபடி வெட்டுகிறார். கதிர் அறுக்கும் யந்திரம் வயலில் இறங்கியபோது நம் பெண்கள் எதைக் கண்டார்களோ, அதையேதான் தாளக்காரர்கள் மேடையில் காண்கிறார்கள்.

உலகத்து வாத்தியக்காரர்களுக்கு இது பழைய அனுபவம். மௌனப் பட காலத்தில் கொட்டகைக்குள் உட்கார்ந்து வாசித்தவர்கள் பேசும்படம் வந்ததும் வெளியே வந்தார்கள். 1982-ல் லண்டன் வாத்தியக்காரர் சங்கக் கிளை ஒன்று, சிந்தசைசரையும் டிரம் யந்திரத்தையும் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானமே போட்டது. யந்திரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிடவில்லை.

அமெரிக்காவில் நடந்ததைக் கவனியுங்கள். அங்கே ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில் இருந்த வாத்தியக்காரர் சங்கம், 1942 ஆகஸ்ட் 1 முதல் இசைத்தட்டுக்கு வாசிப்பதில்லை என்று வேலைநிறுத்தம் செய்தது. தட்டு ஒரு தடவை பதிவாகிறது. ஓட்டலிலும் ரேடியோவிலும் ஆயிரம் தடவை சுழல்கிறது. வாசித்தவன் வேலையற்று நிற்கிறான். இதுதான் அவர்களுடைய வழக்கு. யுத்த காலம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே வேலைநிறுத்தத்தைக் கைவிடச் சொன்னார். அவர்கள் அசையவில்லை. 1943-ல் டெக்கா கம்பெனி இறங்கி வந்தது. 1944 நவம்பரில் ஆர்.சி.ஏ. விக்டரும் கொலம்பியாவும் இறங்கி வந்தன. விற்கும் தட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை சங்கத்தின் நிதிக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அந்த நிதியிலிருந்து வேலையில்லாத வாத்தியக்காரர்களுக்குக் கூலி கொடுத்து, ஜனங்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தினார்கள். 1947-ல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்து அந்த நிதியில் கை வைத்தது. 1948-ல் மறுபடி பதிவுக்கு வாசிக்க மறுத்து, வேறு வடிவத்தில் அந்த நிதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். தட்டை அவர்கள் உடைக்கவில்லை. தட்டு சம்பாதித்ததில் பங்கு கேட்டார்கள்.

நம் சென்னையில் எம்.பி. சீனிவாசன் இருந்தார். 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். சினிமாவுக்கு வாசிக்கும் வாத்தியக்காரர்களைச் சங்கமாகத் திரட்டியதில் முன்னால் நின்றவர். கூலி ஒழுங்காகக் கிடைக்காமல், கேட்க நாதியில்லாமல் கிடந்தவர்களுக்கு அந்தச் சங்கம் ஒரு குரலைக் கொடுத்தது. அவர் 1988-ல் காலமானார். 1992-ல் 'ரோஜா' வந்தது. கம்ப்யூட்டரின் துணையோடு ஏ.ஆர். ரஹ்மான் கொடுத்த ஒலி எல்லோரையும் கவர்ந்தது. அந்த இசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அடுத்து வந்த வருஷங்களில், ஐம்பது அறுபது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பது அரிதாகிப் போயிற்று. யந்திரத்தால் மிச்சமான பணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சினிமாவை நாம் இங்கே உட்கார்ந்து திருத்த முடியாது. நம் குழுவை நாமே நடத்துகிறோம். அதில் செய்ய முடியும். கீபோர்டு குழுவின் பேரில் இருக்கட்டும். தனி ஆள் சொத்தாக வேண்டாம். கச்சேரிப் பணத்தில் ஒரு பங்கை வாத்தியத்தின் பராமரிப்புக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சமமாகப் பங்கிடுங்கள். இடம் போதாத மேடைக்கு டோலக்காரர் வர முடியாமல் போய், அவர் அமைத்துக் கொடுத்த ஸ்டைல் ஓடினால், அன்றும் அவருக்குப் பங்கு போக வேண்டும். வாசிப்பது அவர் தாளமல்லவா? கமிட்டிக்காரர் ஆளைக் குறைக்கச் சொன்னால், பக்கத்து ஊர்க் குழுக்களோடு கலந்து பேசி, இத்தனை பேருக்குக் குறைந்து யாரும் மேடை ஏறுவதில்லை என்று ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு குழு மட்டும் நின்றால் அடுத்த குழு குறைந்த பணத்துக்குப் போய்விடும். ஆலையில் ஒரே ஒரு டிபார்ட்மெண்ட் வேலைநிறுத்தம் செய்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

வாங்கப் போகும் தோழர்கள் கவனிக்க வேண்டியது

பத்து, பதினைந்தாயிரம் ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும் வரையில் கீபோர்டு இருக்கிறது. கடைக்காரர் எத்தனை நூறு ஸ்டைல் என்றுதான் முதலில் சொல்வார். அதில் மயங்க வேண்டாம். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஸ்டைல் ஓடும்போது டிரம்ஸை மட்டும் தனியாக அணைக்க முடியுமா? முடிந்தால்தான் டோலக் கூட உட்கார முடியும்; மலிவானவை பலவற்றில் இதற்கு வழியில்லை. நாமே செய்த ஸ்டைலைப் பென் டிரைவிலிருந்து ஏற்ற முடியுமா? மூன்றாவதாக, பழுது பார்க்கும் இடம் தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கத்தில் இருக்கிறதா, இல்லை, சென்னை நகருக்குள் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா?

பழையது வாங்கினால், பாடகரையும் டோலக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒலியை முழுக்கக் கூட்டி வைத்து, முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டை வரை ஒன்று விடாமல் மெதுவாக ஒரு தடவை, அழுத்தமாக ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தாலும், உப்புக் காற்றில் கெட்டிருந்தாலும், சில கட்டைகள் மெதுவாக அமுக்கினால் ஊமையாக இருக்கும், அல்லது திடீரென்று அலறும். ரப்பரை மாற்றிக்கொள்ளலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அடாப்டர் அந்த மாடலுக்கு உரியதா என்று பாருங்கள். ஜெனரேட்டரில் ஓட்டுவதாக இருந்தால் ஒரு ஸ்டெபிலைசரும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அதற்கும் இப்போதே பணம் ஒதுக்கி வையுங்கள்.